மழைக்கு முன், ஆண்டவன் நினைத்தால்

தம்பி,

நீயும் நானும் இதுவரை எழுதிக்கொண்ட கடிதங்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான். நீ கண்டியில் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் நான் ஏற்படுத்திய பழக்கம் அது. இன்றைக்கு முதன்முறையாக உனக்குத் தமிழில் எழுதுகிறேன். சுகம் விசாரித்துத் தொடங்கும் மனநிலையில் நான் இல்லை. நீ சுகமாகத்தான் இருக்கிறாய். உன் கையெழுத்தைப் பார்த்தேன், நடுக்கமே இல்லை. தமிழில் எழுதுவதற்குக் காரணம், இது உனக்கு மட்டுமான கடிதம் இல்லை என்பதுதான். இதே கடிதத்தை இன்னொரு தாளிலும் எழுதி உன் தேயிலைத் தோட்டத்து ஆட்களிடம் கொடுக்கப்போகிறேன். அவர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வாசலில் உட்கார்ந்து யாராவது ஒருவர் உரக்கப் படிக்கட்டும். அவர்களுக்கு விளங்காத பாஷையில் நானும் நீயும் எழுதியது போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். நான் ஓய்வுபெற்று வந்ததிலிருந்து, ஆங்கிலத்தில் கடிதம் வந்தால் என்னிடம் கொண்டுவந்து படிக்கச் சொல்லிக் கேட்பது இந்தக் கந்தப்பளைப் பக்கத்து ஆட்களுக்கு வழக்கம் என்பது உனக்குத் தெரியும். அன்றைக்கு நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பெயர் மருதமுத்து. தங்கச்சி வீட்டுக் காதுகுத்துக்கு வந்தவராம். "நான் டயகம பக்கமுங்க" என்று தோட்டத்தின் பெயரையும் சொன்னார். உன் தோட்டம். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. இருபத்தெட்டு வயதில் அங்கே பெரிய கிளாக்கராக இருப்பவன் என் மகன்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் முதலில் கடிதத்தைப் படித்துவிட்டு, பிறகு ஆற அமரச் சொல்லி, அந்த மனிதர் முகம் மாறுவதைப் பார்த்துச் சந்தோஷப்படலாம் என்று அடக்கிக்கொண்டேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தை விரித்தேன்.

ஆட்களுக்காகத் தோட்டத் தலைவர் கொடுத்த மனுவுக்கு ஆபிஸிலிருந்து வந்த பதில் அது. லயத்துக்குப் பின்னால் மண் சரியாமல் தாங்கி நிற்கும் கல்சுவர் வெடித்துவிட்டது, கடைசி மூன்று ஒற்றையறைக் காம்பராக்களில் இருக்கிறவர்கள் பயத்தோடு இருக்கிறார்கள் என்று மனுவில் எழுதியிருந்ததாக மருதமுத்து சொன்னார். பதிலில் நான்கே வரி. விஷயம் கவனத்தில் எடுக்கப்பட்டது. சுவர் மழைக்கு முன் திருப்பிக் கட்டப்படும். அந்த வாக்கியம் முடியும் இடத்தில் ஒரு கால்புள்ளி. அதற்குப் பிறகு இரண்டு பெரிய எழுத்துகள்: D.V. கீழே, தோட்டத்தை நடத்தும் துரைக்காக என்று போட்டு உன் கையெழுத்து.

"மழைக்கு முந்தி கட்டித் தர்றாங்கன்னு தானுங்களே இருக்கு?" என்றார் மருதமுத்து. "எங்க தலைவரும் அப்பிடித்தான் சொன்னாரு. ஆனா கடைசியில ரெண்டு எழுத்து நிக்குதே, அது என்னான்னு அவருக்கும் தெரியல. கிளாக்கரய்யா படிச்ச பட்டமா இருக்கும்னு சொல்றாரு. பட்டம்னா பேருக்குப் பின்னாடிதானே போடுவாங்க, இது என்னா செவுத்துக்குப் பின்னாடி நிக்குதுன்னு எனக்கு ஒரு சந்தேகம். அதான் கொண்டாந்தேன்."

 கடிதத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்து அந்தக் கையெழுத்தைப் பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் பெற்ற பிள்ளையின் கையெழுத்து தெரியாதா? தேத்தண்ணீரை அவர் கையில் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "யாரு எழுதுனதா இருந்தா என்னாங்க? அந்த மனுசன் கேட்டதுக்குப் பதிலச் சொல்லுங்க" என்றாள். அந்த வார்த்தை இல்லாவிட்டால் நான் அன்றைக்கும் பொய்தான் சொல்லியிருப்பேன். எனக்கு அதில் நீண்ட பழக்கம் உண்டு.

அந்தப் பழக்கத்தைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். ஹட்டன் பக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த பழைய வெள்ளைக்காரத் துரையிடம்தான் அந்த இரண்டு எழுத்தை முதலில் கண்டேன். சீமையில் இருக்கும் தன் அக்காவுக்கு எழுதும் கடிதங்களைச் சில நேரம் என்னிடம் தட்டெழுதக் கொடுப்பார். அடுத்த வருடம் ஊருக்கு வருவேன் என்று எழுதுவார். அந்த வாக்கியத்தின் நடுவில், முன்னால் ஒரு கால்புள்ளி, பின்னால் ஒரு கால்புள்ளி வைத்து இந்த எழுத்துகள் இருக்கும். இது என்னவென்று ஒருநாள் பயந்து பயந்து கேட்டேன். டீயோ வொலெந்தே என்று சொன்னார். லத்தீன். அவர்கள் கோவில் பாஷை. ஆண்டவன் நினைத்தால் என்று பொருள். நாளைக்கு நடக்கப்போவதை மனிதன் அடித்துப் பேசக்கூடாது, அதற்காக எழுதுவது என்று விளக்கினார். அந்த மனிதர் அதை நம்பி எழுதினார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அக்காவைப் பார்க்காமலேயே இந்த மண்ணில்தான் செத்தார்.

அவருக்குப் பிறகு வந்த துரைக்குக் கோவிலும் இல்லை, ஜெபமும் இல்லை. ஆனால் அந்த எழுத்துகள் மட்டும் அவரிடமும் இருந்தன. பல வருடம் அவர் கடிதங்களைத் தட்டெழுதியவன் நான். எதற்கு அதைப் போடுவார், எதற்குப் போடமாட்டார் என்று என் விரல்களுக்குத் தெரியும். தேயிலைப் பெட்டிகள் வியாழக்கிழமை லொறியில் ஏற்றப்படும் என்று கொழும்புக்கு எழுதும்போது போடமாட்டார். இன்னார் வேலைநீக்கப் பத்துச்சீட்டு கொடுத்துத் தோட்டத்தைவிட்டு அனுப்பப்படுவார் என்று எழுதும்போது ஒருபோதும் போட்டதில்லை. அதற்கெல்லாம் ஆண்டவன் தேவைப்படவில்லை. லயத்துக் கூரைத் தகரம் மாற்றப்படும், தண்ணீர்க் குழாய் போடப்படும், பிள்ளைகளைப் பார்க்கிற ஆயாவுக்கு இன்னோர் ஆள் உதவிக்கு வைக்கப்படும் என்று எழுதினால் மட்டும் கடைசியில் அந்தக் கால்புள்ளி வரும், அந்த எழுத்துகள் வரும். எதைச் செய்ய மனம் இல்லையோ அதை ஆண்டவன் தலையில் கட்டுவது. அடக்கத்துக்காக உண்டான சொல் அது, தம்பி. அதை இவர்கள் தப்பி ஓடும் பின்கதவாக ஆக்கிவிட்டார்கள். நான் அதைக் கண்டுகொண்டேன். கண்டும் வியந்தேன், வெட்கமில்லாமல் அதையே கற்றுக்கொண்டேன். நானே எழுதும் கடிதங்களில் போட ஆரம்பித்தேன். நீ விடுதியிலிருந்து முதல் முதலாக, தீபாவளிக்கு வருவேன் என்று எழுதி அதைப் போட்டிருந்தாய் அல்லவா, அந்தக் கடிதத்தை ஆபிஸில் எல்லோருக்கும் காட்டித் திரிந்தேன். என் மகன் துரைமார் மாதிரி எழுதுகிறான் என்று சொன்னேன். அப்படிச் சொன்ன நேரத்தில் செல்லம்மா செத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

செல்லம்மாவை உனக்கு நினைவிருக்குமோ என்னவோ. உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பத்தாம் நம்பர் லயத்தில் கடைசிக் காம்பராவில் இருந்தவள். கொழுந்து எடுப்பதில் அந்த மலையில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. புருஷன் பெயர் கருப்பையா, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன், வாயில்லாப் பூச்சி. அவர்கள் லயத்துக்குப் பின்னாலும் ஒரு சுவர் இருந்தது. அதுவும் வெடித்திருந்தது. நிறைமாத வயிற்றோடு அவள்தான் ஆபிஸ் ஜன்னலுக்கு வந்தாள்.

"செவுத்துல கைய உட்டா முழங்கை வரைக்கும் போவுதுங்கய்யா. தொரைகிட்டச் சொன்னீங்களா?" என்றாள்.

"சொல்லியாச்சி. கொழும்புக்கு எழுதியாச்சி" என்றேன்.

"எழுதிட்டா செவுரு நின்னுருமா? எப்பக் கட்டுவாங்க, அதச் சொல்லுங்க. எங்கம்மா பூண்டுலோயாவுல இருக்காங்க. கட்டமாட்டாங்கன்னா புள்ளைப்பேத்துக்கு நான் அங்கயே போயிருவேன். கட்டுவாங்கன்னா இருப்பேன். நான் போயிட்டா இவருக்குக் கஞ்சி காச்சக்கூட ஆளில்ல."

துரை கொழும்புக்கு எழுதிய கடிதத்தின் நகல் என் மேசையில்தான் இருந்தது. அன்று காலையில் நானே தட்டெழுதியது. மழைக்கு முன் கட்டப்படும், D.V. எடுத்துப் பார்த்து அவளுக்குத் தமிழில் சொன்னேன். "மழைக்கு முந்தி கட்டிருவாங்க" என்றேன். அந்த இரண்டு எழுத்தை நான் தமிழாக்கவில்லை. அதற்கு என்ன பொருள் என்று அந்தத் தோட்டத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யாரும் இல்லை. கட்டமாட்டார்கள் என்றுதான் பொருள். ஆனால் அதைச் சொன்னால் துரையைக் குறை சொன்னதாக ஆகும். அவளும் ஜன்னலைவிட்டுச் சீக்கிரம் போகமாட்டாள். "நீங்க சொன்னாச் சரிங்கய்யா" என்று போய்விட்டாள். பூண்டுலோயாவுக்குப் போகவில்லை.

பிள்ளை பிறந்து பதினோராவது நாள், மத்தியானம் இரண்டு மணிக்குச் சுவர் விழுந்தது. நான்கு நாளாக விடாத மழை. மற்றப் பெண்கள் எல்லாம் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை பெற்றவள் என்பதால் அவள் மட்டும் காம்பராவில் இருந்தாள். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் சங்கு ஊதியது. நாங்கள் ஓடிப்போனபோது கருப்பையா வெறும் கையால் சேற்றைத் தோண்டிக்கொண்டிருந்தான். அவன் நகம் பிய்ந்து ரத்தம் வந்ததைக்கூட அறியவில்லை. வெளியே எடுத்தபோது அவள் பிள்ளையின் மேல் கவிழ்ந்து கிடந்தாள். இரண்டு பேருக்கும் உயிர் இல்லை. பெண்கள் கூடையோடு மலையிலிருந்து ஓடிவந்து அந்தச் சேற்றிலேயே விழுந்து அழுதார்கள். நான் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். ஆம், குடை பிடித்துக்கொண்டுதான் நின்றேன். துரைக்குக் குடை பிடித்தேன்.

அடுத்த நாள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மரண விசாரணை நடந்தது. விசாரணை செய்ய வந்தவர் நம் நாட்டுக்காரர்தான், ஆனால் ஆங்கிலத்தில் மட்டுமே பேசினார். ஆட்கள் சொல்வதை மொழிபெயர்க்க என்னை நிறுத்தினார்கள். சுவர் பழுதாக இருந்தது தோட்டத்துக்குத் தெரியுமா என்று அவர் கேட்டார். துரை என்னைப் பார்த்தார். நான் கோப்பிலிருந்து அந்தக் கடிதத்தின் நகலை எடுத்துக் கொடுத்தேன். வந்தவர் அந்தக் கடிதத்தைப் படித்தார், கடைசி வரிக்கு வந்ததும் தலையை ஆட்டினார். ஆண்டவன் நினைக்கவில்லை போலும் என்று மெதுவாகச் சொன்னார். துரையும் தலையை ஆட்டினார். இரண்டு படித்த மனிதர்கள், லத்தீன் தெரிந்தவர்கள், ஒருவரை ஒருவர் நன்றாக விளங்கிக்கொண்டார்கள். வெளியே பாயில் தாயும் பிள்ளையும் கிடந்தார்கள்.

பிறகு கருப்பையாவைக் கூப்பிட்டார்கள். சுவர் ஆபத்து என்று தெரிந்தும் ஏன் மனைவியை வேறு இடத்துக்கு அனுப்பவில்லை என்று கேட்டார்கள். அவன் கைகட்டி நின்று என்னைப் பார்த்துச் சொன்னான்: "கிளாக்கரய்யா மழைக்கு முந்தி கட்டிருவாங்கன்னு அவகிட்டச் சொன்னாருங்க. அய்யா சொன்னாச் சரியா இருக்கும்னு நாங்க இருந்துட்டோம்."

நான் அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னேன் தெரியுமா? போகும்படி சொல்லியும் அவர்களுக்குப் போக விருப்பம் இல்லை என்று சொன்னேன். அந்த வாக்கியத்தை இன்றும் சொல்லுக்குச் சொல் என்னால் சொல்ல முடியும். நல்ல ஆங்கிலம். இலக்கணப் பிழை இல்லை. வந்தவர் அதை எழுதிக்கொண்டார். ஆண்டவன் செயல் என்று முடித்துக் கையெழுத்துப் போட்டார்.

ஏன் அப்படிச் செய்தேன்? வேலை போய்விடும் என்ற பயம் மட்டும் இல்லை. அதற்கு மூன்று நாளுக்கு முன்புதான் உன்னைக் கண்டிப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சொல்லித் துரை ஒரு சிபாரிசுக் கடிதம் கையெழுத்துப் போட்டிருந்தார். இன்னும் தபாலில் போகவில்லை, அவர் மேசையில் இருந்தது. நான் கருப்பையா சொன்னதைச் சொன்னபடி சொல்லியிருந்தால் அது குப்பைக் கூடைக்குப் போயிருக்கும். நீ படித்த படிப்பு, உன் நாற்காலி, உன் அழகான கையெழுத்து எல்லாம் அந்த ஒரு பொய் வாக்கியத்தின் மேல் நிற்கிறது. உன்மேல் பழி போட இதைச் சொல்லவில்லை. நீ அப்போது குழந்தை. பழி என்னுடையது. ஆனால் எதன்மேல் நிற்கிறோம் என்று நிற்பவனுக்குத் தெரிய வேண்டும்.

விசாரணை முடிந்து வெளியே வந்ததும் கருப்பையா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "எனக்காக இங்கிலீசுல அவ்வளவு பேசுனீங்களே, நீங்களும் புள்ளகுட்டியும் நல்லா இருக்கணுங்கய்யா" என்றான். அவனுக்கு நான் பேசியது ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற, மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவுக்கு விளங்கியது. அவர் என்னைப் பார்க்காமல் புகையிலையை மென்று துப்பினார். இடிந்த சுவரைப் பதினைந்து நாளில் கட்டி முடித்தார்கள். அந்த வேலைக்கான கடிதத்தையும் நான்தான் தட்டெழுதினேன். அதில் ஆண்டவன் பெயர் இல்லை. கருப்பையா அடுத்த மாதம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டான். எங்கே இருக்கிறான் என்று நான் தேடவில்லை. தேடினால் கண்டுபிடித்துவிடுவேனோ என்று பயந்தேன்.

உன் அம்மாவுக்குக்கூட இதை நான் சொன்னதில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் சொன்னேன். மருதமுத்துவுக்குப் பதில் சொல்லுமுன், அவரை வெளிவாசலில் உட்காரவைத்துவிட்டு அவளும் நானும் அடுப்படிக்குப் போனோம். அவள் அழவில்லை. "இத்தன வருசம் நீங்க சாப்புட்ட சோறு எப்பிடிங்க எறங்குச்சி?" என்று கேட்டாள். 

வாசலுக்கு வந்து மருதமுத்துவிடம் சொன்னேன்: "அது பட்டம் இல்லீங்க. ‘ஆண்டவன் நெனச்சா’ன்னு அர்த்தம். மழைக்கு முந்தி கட்டுவாங்க, ஆண்டவன் நெனச்சா."

அவர் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "ஆண்டவன் நெனச்சாவா?" என்றார். "நாங்க தொரையத்தானேங்க கேட்டோம்?"

கேட்டாயா, தம்பி? பள்ளிக்கூடப் படியே ஏறாத ஒரு மனிதர் கேட்ட கேள்வி. நானும் நீயும் படித்த படிப்பில் ஒருநாளும் கேட்காத கேள்வி. நம் ஆட்கள் ஆண்டவனை நம்பாதவர்களா? ஒவ்வொரு காம்பராவிலும் மாரியம்மன் படம் இருக்கிறது. மலைக்கு ஏறும் முன் கும்பிட்டுவிட்டுத்தான் ஏறுகிறார்கள். ஆண்டவனிடம் கேட்க வேண்டியதை அவர்கள் ஆண்டவனிடமே கேட்டுக்கொள்வார்கள். அதற்கு இடையில் ஒரு கிளாக்கர் தேவையில்லை. உன்னிடம் கேட்டது கல்லும் சுண்ணாம்பும். அதற்குப் பதில் தரவேண்டியவன் நீயும் உன் துரையும். நாட்டுரிமை இல்லாத ஜனங்கள், ஓட்டும் இல்லை, பேச ஆளும் இல்லை, இவர்களுக்கு எப்படி எழுதினால் என்ன என்று நினைத்துவிட்டாயா? அல்லது நினைக்கவேயில்லையா? நினைக்காமலே விரல் அதை எழுதியது என்றால் அது இன்னும் மோசம். என் விரலும் அப்படித்தான் எழுதியது.

துரை சொன்னதை எழுதினேன், நான் என்ன செய்ய என்று நீ கேட்பாய். நானும் அதையேதான் பதினாறு வருடமாக எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கட்ட முடியாது என்று துரை நினைத்தால் முடியாது என்று எழுதச் சொல். அவர் மறுத்தால், வந்து கேட்கிறவர்களிடம் தமிழில் நீ சொல். முடியாது என்பது கொடுமையான சொல்தான். ஆனால் அதைக் கேட்டவன் எழுந்து போவான், மூட்டையைக் கட்டுவான், சண்டைக்கு வருவான், எதையாவது செய்வான். நான் ஜன்னலில் வைத்து முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் செல்லம்மா பூண்டுலோயாவில் பிள்ளையோடு உயிரோடு இருந்திருப்பாள். என் நல்ல வார்த்தைதான் அவளைக் கொன்றது. எனக்கு இந்த வயதில் இருக்கும் கோபத்தில் பாதி உன்மேல். மீதி யார்மேல் என்று சொல்லத் தேவையில்லை.

மழைக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. இந்தக் கடிதம் வந்ததும் நீ எனக்கு மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதவே வேண்டாம். மருதமுத்துவின் காம்பராதான் அந்த லயத்தில் கடைசி, சுவருக்கு நேர் கீழே. அங்கே படுக்க எனக்கு ஓர் இடம் கேட்டேன். அவர் முதலில் சிரித்தார். நான் யார், அந்தக் கையெழுத்து யாருடையது என்று சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு, "வாங்க, எடம் பத்தாதுதான், பாத்துக்கலாம்" என்றார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். உன் அம்மாவும் வருகிறாள். நான் வேண்டாம் என்றேன், அவள் கேட்கவில்லை. அவர் பிள்ளைகளையும் மனைவியையும் கந்தப்பளையில் நம் வீட்டுக்கு அனுப்பி வைக்கிறார். அவர்கள் இங்கே இருப்பார்கள், நாங்கள் அங்கே இருப்போம். இரண்டு பாய், இரண்டு கம்பளி, என் மருந்துப் போத்தல், அவ்வளவுதான் கட்டியிருக்கிறோம். புதன்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்குகிறோம்.

சுவர் எழும்பும்வரை அங்கிருந்து அசையமாட்டோம். நீ காலையில் ஆட்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்தைக் கடந்து ஆபிஸுக்குப் போகும்போது அந்த லயம் தெரியும் என்று மருதமுத்து சொன்னார். எங்களைப் பார்க்க வருவதென்றால் வெறுங்கையோடு வராதே. கல்லோடும், சுவர் கட்டுகிற மேசன் பாஸோடும் வா.

உன் அப்பா